ஆர்ட்ஸ் படிச்சா சோறு கிடைக்குமான்னு கேட்ட மாப்பிள்ளைக்கு

உக்காரு மாப்ளே. பீஜேலேருந்து ஃபெடரல் ஹைவே நெரிசல்ல நசுங்கி வந்திருக்க, மொதல்ல கோப்பியைக் குடி. பாப்பா உள்ற கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கட்டும். அவ படிப்பைப் பத்திப் பேசறப்ப அவ எதுக்கு நடுவுல? பெரியவங்க நாம இருக்கோம்ல.

விஷயத்தை உம் பொஞ்சாதி நேத்தே போன்ல சொல்லிருச்சு. அமெரிக்காவுல ஏதோ ஒரு சின்னக் காலேஜு இடம் தர்றேன்னு எழுதியிருக்கான், பாதிக்கு மேல உபகாரச் சம்பளமாம். சுபாங் பக்கம் ஒரு தனியார் காலேஜும் வா வான்னு கூப்பிடுறான், ரெண்டு வருஷம் இங்க, ரெண்டு வருஷம் அங்க. இதுக்கு நடுவுல அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடற யுபியு-ல பன்னண்டு கட்டம் குடுத்தா, மொதக் கட்டத்துலயே மலாயாப் பல்கலைக்கழகத்து ஆர்ட்ஸைப் போட்டு வச்சிருக்கா உம் மக. அதுக்குப் பதில் வர இன்னும் மாசக்கணக்கு ஆகும். அமெரிக்காக்காரன் மே மாசம் முதல் தேதிக்குள்ள சொல்லுங்கறான். சுபாங்காரன் இப்பவே முன்பணம் கட்டுனா கழிவு உண்டுங்கறான். மூணும் மூணு ஊரு, ஆனா மூணுமே ஆர்ட்ஸ். அதுதானே உன் தூக்கத்தைக் கெடுத்துச்சு?

நான் தோட்டத்துப் பள்ளியில ஆறாவதோட நின்னவன். பால்மரம் வெட்டுனவன். காப்பார் பக்கத்துத் தோட்டத்துல விடிகாலைப் பெரட்டுக்கு நின்னு பேரு குடுத்தவன். எங்கிட்ட வந்து "லிபரல் ஆர்ட்ஸ்னா என்னா மாமா, அதுல சோறு கிடைக்குமா"ன்னு கேக்கற பாரு, அந்தத் தைரியத்துக்கே ரெண்டாவது கோப்பி ஊத்தலாம்.

உன் மனசுல டாக்டர்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பாப்பா பொறந்த அன்னிக்கே ஆசுபத்திரியில டாக்டரம்மாவைப் பாத்து, "எம் பொண்ணும் இப்படித்தான்"ன்னு சொன்ன ஆளு நீ. நல்ல ஆசைதான். ஆனா பத்திரிகை படிக்கறியா இல்லியா? 2016 கடைசியிலேருந்து நம்ம அரசாங்க ஆசுபத்திரியில புதுசா சேர்ற டாக்டருங்களை ஒப்பந்தத்துலதான எடுக்கறான்? 2021 ஜூலை 26ஆம் தேதி கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வேலையை விட்டு வெளியே வந்து நின்னுச்சுங்க அந்தப் பிள்ளைங்க. நிரந்தரம் வேணும்னு. டாக்டருக்குப் படிச்சும் அந்தக் கதி. நீ என்னடான்னா நிரந்தரத்துக்காக டாக்டர் படிக்கச் சொல்ற.

சரி, இன்ஜினியர்? நம்ம காஜாங்ல பொறந்த ரம்லி இப்ராஹிம், ஆஸ்திரேலியாவுல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சாரு. அப்புறம் என்னா பண்ணுனாரு? 1983ல சூத்ரான்னு ஒரு நடனக் குழு ஆரம்பிச்சு ஒடிசி ஆடுனாரு. இந்தியாக்காரன் கூப்பிட்டு பத்மஸ்ரீ குடுத்தான். அதனால இன்ஜினியரிங்ல சேர்த்து விட்டா பிள்ளை ஆர்ட்ஸ் பக்கம் போகாதுன்னு மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதே. நாலு வருஷம் கழிச்சுப் போகும், அவ்வளவுதான்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். ஆர்ட்ஸ்ல சோறு.

எங்க தோட்டத்துப் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரரு. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாத்துவாரு. நாங்க பால் வாளியைத் தூக்கிக்கிட்டுக் கொட்டாய் வாசல்ல வரிசையா நிப்போம். அவரு தராசு முள்ளைப் பாத்து, எங்க முகத்தைப் பாக்காம, நம்பரை எழுதுவாரு. அந்த முள்ளு எந்தப் பக்கம் சாஞ்சுதுங்கறது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம். ஆனா மனுசன் நல்ல கதைக்காரரு. மழை பேஞ்சு வெட்டு இல்லாத நாள்ல கொட்டாய்ல உக்காந்து ஊர்க்கதை சொல்லுவாரு. பாதி அவரு சொன்னது, மீதி பாப்பா போன்ல தேடிப் படிச்சுக் காட்டுனது. கேளு.

அமெரிக்காவுல வில்லியம்ஸ்னு ஒரு சின்னக் காலேஜு. 1806ல அங்க படிச்ச அஞ்சு பையனுங்க மழைக்கு ஒரு வைக்கோல் போர் பக்கம் ஒதுங்குனானுங்க. ஒதுங்கின இடத்துல, வேத ஊழியத்துக்குக் கடல் தாண்டிப் போறதுன்னு முடிவு பண்ணுனானுங்க. அதுலேருந்து ஒரு மிஷன் சங்கம் கிளம்புச்சு. அந்தச் சங்கம் அனுப்புன பாதிரிமாரு 1816ல யாழ்ப்பாணம் வந்து எறங்குனாங்க. அதுல டேனியல் பூவர்னு ஒருத்தரு, டார்ட்மவுத் காலேஜுல படிச்சவரு. 1823ல வட்டுக்கோட்டையில ஒரு செமினரி தொறந்தாங்க. பாப்பாவுக்கு இப்ப கடுதாசி வந்திருக்குல்ல, அந்த மாதிரிக் காலேஜுல படிச்ச ஆளுங்க, தாங்க படிச்ச மாதிரியே நம்ம பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. தமிழ் இலக்கணம், இங்கிலீஷு, சமஸ்கிருதம், ஜியாமெட்ரி, தர்க்கம், வானசாஸ்திரம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. 1829ல சந்திர கிரகணம் வந்தப்ப, ஊர்ப் பஞ்சாங்கக் கணக்குக்கும் பாதிரி கணக்குக்கும் போட்டியே நடந்திருக்கு. அதாவது மாப்ளே, லிபரல் ஆர்ட்ஸு நேத்து சுபாங் பேரங்காடிக் கண்காட்சியில அறிமுகமான சரக்கு இல்ல. நம்ம ஆளுங்க அதை ருசி பாத்து இருநூறு வருஷம் ஆச்சு.

அந்தச் செமினரியை 1855ல மூடிட்டாங்க. ஏன்னு நினைக்கற? படிச்சவனுக்கு வேலை கிடைக்காமலா? அங்கதான் இருக்கு கூத்து. ஆண்டர்சன்னு மேலிடத்துக்காரரு ஒருத்தரு அமெரிக்காவுலேருந்து வந்து கணக்குப் பாத்தாரு. பிரசங்கம் பண்ண ஆளு தயார் பண்றதுக்காகத் தொறந்த பள்ளிக்கூடம், பையனுங்க இங்கிலீஷைக் கத்துக்கிட்டு நேரா அரசாங்க உத்தியோகத்துக்குப் போறானுங்க, சம்பளம் வாங்கறானுங்க. இதுக்கா நாம காசு அனுப்புனோம்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு. ஆர்ட்ஸ் படிச்சா வேலை கிடைக்காதுன்னு நீ பயப்படற. அவரு, ஆர்ட்ஸ் படிச்சவனுக்கு ரொம்ப வேலை கிடைக்குதேன்னு பயந்தாரு. ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சா நல்லாயிருக்கும்.

அந்தப் பள்ளியில படிச்சவருதான் சிறுப்பிட்டிக்காரரு சி.வை. தாமோதரம்பிள்ளை. 1857ல சென்னைப் பல்கலைக்கழகம் மொதமொதல்ல பட்டப் பரீட்சை வச்சப்ப தேறுன ரெண்டு பேருல ஒருத்தரு. இன்னொருத்தரு கறோல் விசுவநாதபிள்ளை, அவரும் வட்டுக்கோட்டைதான். பட்டம் வாங்குன தாமோதரம்பிள்ளை என்னா ஆனாரு? வாத்தியாரு, பத்திரிகை ஆசிரியரு, அரசாங்கக் கணக்கு இலாகா, அப்புறம் சட்டம் படிச்சு புதுக்கோட்டையில நீதிபதி. உம் பாஷையில சொன்னா நிலையில்லாத ஆளு. அந்த ஆளுதான் செல்லரிச்ச ஓலைச்சுவடிகளைத் தேடிப் பிடிச்சு தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சுல ஏத்துனது. நீதிபதி சம்பளம் வீட்டு அடுப்புக்குப் போதும்னு வையி, ஓலைச்சுவடிக்கு எந்த இலாகாவுல சம்பளம் போட்டான்?

வட்டுக்கோட்டையில அதே இடத்துல 1872ல யாழ்ப்பாணக் கல்லூரி வந்துச்சு. சுத்துப்பட்டுல இன்னும் பல இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதுல படிச்ச பையனுங்களைத்தான் வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்தி மலாயாவுக்குக் கொண்டாந்தான். இங்க ரயிலு ஓடறதுக்கு கிளார்க்கு வேணும், ஸ்டேஷன் மாஸ்டரு வேணும். கோலாலம்பூர் கிள்ளான் ரயிலு 1886ல. அதுக்கப்புறம் பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வேக் குவார்ட்டர்ஸ் எழும்புச்சு. ஸ்காட் ரோட்டுல கந்தசாமி கோயிலு 1902ல, விவேகானந்தா ஆசிரமம் 1904ல. மேசையில உக்காந்து பேனா பிடிச்சவன் கட்டுன ஊரு அது. நம்ம ஆளு அதே கப்பல்ல இல்லாட்டியும் வேற கப்பல்ல வந்து, மேசைக்கு இந்தப் பக்கம் வாளியோட நின்னான். இலக்கணமும் தர்க்கமும் படிச்சவன் தராசு முள்ளைப் பாத்தான், அது படிக்காத நாம முள்ளு சாயறதைப் பாத்தோம். இப்ப எம் பேத்திக்கு மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு வா வான்னு மூணு பேரு கூப்பிடறான். வேணாம்னு சொல்ல வந்திருக்கறது யாருன்னா, நம்ம வாளிக்காரன் பேரன்!

சிரிக்காதே, இன்னும் இருக்கு.

அந்தப் பிரிக்பீல்ட்ஸ்ல 1938ல ஒரு பையன் பொறந்தான். யாழ்ப்பாண வம்சம். விவேகானந்தா தமிழ்ப் பள்ளி, அப்புறம் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். மெல்பர்ன் போனான், அங்க படிச்சது என்னாங்கற? அரசியல் அறிவியல்! பி.ஏ.! உன்னை மாதிரி ஒரு மாமனோ சித்தப்பனோ அன்னைக்கும் தலையில அடிச்சிருப்பான். அப்புறம் ஹார்வர்டுல எம்பிஏ, 1964ல. பேரு ஆனந்தகிருஷ்ணன். உம் பாக்கெட்டுல இருக்கற போனு மேக்ஸிஸ்தானே? உம் பொஞ்சாதி பாக்கற சீரியலு ஆஸ்ட்ரோவுலதானே? இரட்டைக் கோபுரம் நிக்குதே, குதிரைப் பந்தய மைதானமா இருந்த அந்த எடத்துல இப்படி ஒண்ணு வரணும்னு திட்டம் போட்டவரும் அவருதான். 2024 நவம்பர்ல காலமானாரு. பி.ஏ. படிச்ச எல்லாரும் அப்படி ஆவாங்கன்னு நான் சொல்லல, நீ அதைப் பிடிச்சுக்கிட்டு பாப்பா தலையில ஏறாதே. அவரு மகன் என்னா ஆனாரு தெரியுமா? தாய்லாந்துல காவி கட்டி பௌத்தத் துறவி ஆயிட்டாரு. கோடி கோடியா வச்சிருந்த தகப்பனுக்கே பிள்ளை எந்தப் பக்கம் போகும்னு கையில இல்ல. வீட்டுக் கடனு இன்னும் முடியாத உனக்கு மட்டும் இருக்குமா?

மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பத்தி உதட்டைப் பிதுக்குனேல்ல, "இங்கதானே"ன்னு. அதுக்கும் ஒண்ணு சொல்லணும். 1949ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம் அது. இந்திய ஆய்வியல் துறை வரப்போகுதுன்னப்ப, அதுல தமிழா சமஸ்கிருதமான்னு சண்டை. தமிழ் முரசு சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்'னு நிதி திரட்டுனாரு. தோட்டக்காட்டுச் சனம் ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டுச்சு. எங்கப்பன் ஒரு வெள்ளி போட்டாரு. அன்னைக்கு அவரு சம்பளத்துல ஒரு வெள்ளின்னா என்னான்னு உனக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது, ஒரு வாரம் பேசல. அந்தத் துறைக்குத்தான் அப்புறம் தனிநாயகம் அடிகள் தலைவரா வந்தாரு. 1966 ஏப்ரல்ல மொத உலகத் தமிழ் மாநாடு நடந்தது மெட்ராஸ்லயும் இல்ல, மதுரையிலயும் இல்ல, நம்ம கோலாலம்பூர்ல. உன் தாத்தா வெள்ளி போட்ட இடம்யா அது. பட்டப்படிப்பு முழுசும் சில ஆயிரம் வெள்ளியில முடிஞ்சிரும். விலை கம்மியா இருக்கறதால சரக்கு மட்டம்னு நினைக்கறவன் ரொம்பக் காலம் பேரங்காடியிலயே சாமான் வாங்குனவனாத்தான் இருப்பான்.

ஆனா அமெரிக்காக் கடுதாசியை நான் வேணாம்னு சொல்லல. எடு அதை, கண்ணாடி எங்க… ஆங். பாரு, மேல கொட்டை எழுத்துல வாழ்த்துச் சொல்லியிருக்கான். உபகாரச் சம்பளம் இவ்வளவுன்னு கறுப்பா அழுத்திப் போட்டிருக்கான். நீ அதோட மடிச்சு வச்சிட்ட. நான் தராசு முள்ளைப் பாத்துப் பழகுனவன், கீழதான் மொதல்ல பாப்பேன். இந்த உபகாரச் சம்பளம் நாலு வருஷமும் ஒரே தொகைதானே? ஃபீஸு வருஷா வருஷம் ஏறுமா ஏறாதா? ஏறும். அப்ப உன் பங்கும் ஏறும். மார்க்கு ஒரு அளவுக்குக் கீழ போனா நிறுத்திருவேன்னு எங்கயாவது இருக்கான்னு பாரு. இருக்கா? சின்ன எழுத்துலதான் இருக்கும். ஆரோக்கிய இன்சூரன்ஸு தனி. புத்தகம் தனி. டிசம்பர் குளிர்ல விடுதியைப் பூட்டுறானான்னு கேளு, பூட்டுனா பிள்ளை எங்க தங்கும்? நீ நாலு வருஷத்துக்கு டாலர்ல வாக்குக் குடுக்கற, சம்பளத்தை வெள்ளியில வாங்கற. 1998ல மகாதீர் டாலரை 3.80ல கட்டி வச்சாரு, 2005ல அவுத்து விட்டாங்க, 2024 தொடக்கத்துல 4.80 பக்கத்துல போயி நின்னுச்சு. பேரு பெத்த காலேஜுங்க சிலதுல வருஷச் செலவு 80,000 டாலரையும் தாண்டிருச்சு, அதுல பாதியை அவன் தள்ளுனாலும் மீதி உன் வீட்டை விடப் பெருசு. படிக்கறப்ப வாரம் இருபது மணி நேரம் காலேஜுக்குள்ள வேலை செய்யலாம், அது கோப்பிக் காசு. முடிச்சப்புறம் ஒரு வருஷம் அங்க வேலை பாக்க விடுவான், அறிவியல் கணக்குப் பக்கம் படிச்சா மூணு வருஷம் வரைக்கும். பிடிபிடிஎன் கடன் உள்ளூர்ப் படிப்புக்குத்தான், கடல் தாண்டாது. மலாயாவுல படிச்சு முதல் வகுப்பு வாங்குனா அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேணாம்னு விதியே இருக்கு, நிபந்தனையைப் படிச்சுக்கோ.

சுபாங்காரனுக்கு ரெண்டே கேள்வி. இங்க படிச்ச ரெண்டு வருஷத்தை எந்தெந்தக் காலேஜு முழுசா ஏத்துக்கும், எழுத்துல குடுங்கன்னு கேளு. நடுவுல போய்ச் சேர்றவனுக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கறது கஷ்டம்னு சொல்றாங்களே, போன வருஷம் போனவங்களுக்கு என்னா கிடைச்சதுன்னு கேளு. பதிலுக்கு விளம்பரப் புத்தகத்தை நீட்டுனா, வாங்கி விசிறிக்கிட்டு வீட்டுக்கு வா.

இன்னொண்ணு யாரும் கேக்க மாட்டாங்க, நீ கேளு: பாப்பா படிச்சு முடிக்கற வரைக்கும் இந்தக் காலேஜு இருக்குமா? ஏன் முழிக்கற? பக்கத்துல சிங்கப்பூர்லதான், யேல்-என்யுஎஸ்னு பெரிய பேரு. 2013ல மொத வகுப்பு. 2021 ஆகஸ்ட்ல மூடப்போறோம்னு அறிவிச்சுட்டான், புதுசா வந்து சேர்ந்த பிள்ளைங்க பெட்டியைக்கூடப் பிரிச்சிருக்காது. 2025ல கடைசி வகுப்பு வெளிய வந்துச்சு, கதை முடிஞ்சுது. அமெரிக்காவுலயும் சின்னக் காலேஜுங்க ஒண்ணொண்ணா மூடிக்கிட்டுத்தான் இருக்கு. கட்டடம் அழகா இருக்கான்னு பாக்கற நேரத்துல கல்லாப்பெட்டி எப்படி இருக்குன்னு பாரு.

மொத வருஷம் என்னா பாடம், அது என்னா வேலைக்குன்னு பாப்பாவை நோண்டாதே. அங்க ரெண்டு வருஷம் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் எதுல நிக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்களாம். நட்ட கித்தாக் கன்னுல ஆறு வருஷம் கழிச்சுத்தான் கத்தி வைப்போம். ரெண்டாம் வருஷமே பால் வருதான்னு கீறிப் பாத்த கங்காணியை நான் பாத்ததில்ல.

இப்ப உண்மையைச் சொல்லு மாப்ளே. உன் பயம் வேலை பத்தியே இல்ல. போன மாசம் கிள்ளான் கல்யாண மண்டபத்துல பந்தியில உக்காந்தப்ப, எதிர் எலைக்காரரு "பொண்ணு என்னா படிக்கப் போவுது?"ன்னு கேட்டாரு. நீ சாம்பார் வாளி வர்ற வரைக்கும் தலை குனிஞ்சு அப்பளத்தை ஒடைச்சுக்கிட்டே இருந்த. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டாக்டர்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிரும், ரசம் ஊத்தறதுக்குள்ள மரியாதை வந்து சேர்ந்துரும். "தத்துவமும் பொருளாதாரமும், கூடக் கொஞ்சம் வானசாஸ்திரம்"னு சொன்னா பாயாசம் வரைக்கும் விளக்கணும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக ஒரு பிள்ளையோட நாலு வருஷத்தை மாத்தப் பாக்கறியே. வேணும்னா நான் ஒரு வழி சொல்றேன். இனிமே எவனாவது கேட்டா, "அமெரிக்காவுல" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு மோரு கேளு. மலாயாவுக்குப் போனா, "யுஎம்"னு சொல்லிட்டு மோரு கேளு. என்னா பாடம்னு ஒருத்தனும் கேக்க மாட்டான், கேக்கறவன் அவன் பிள்ளைக்கு இடம் கிடைக்காதவனா இருப்பான்.

எது நல்லதுன்னு நான் என்னா சொல்லப் போறேன்? எனக்கு மலாயாதான் பிடிச்சிருக்கு, எங்கப்பன் வெள்ளி அங்க இருக்கு. ஆனா நானா போயிப் படிக்கப் போறேன்? கணக்கு ஒத்து வந்துச்சுன்னா அவ பிரியப்பட்ட எடத்துக்கு அனுப்பு. ஒத்து வரலைன்னா நேரா உக்காந்து, என்கிட்ட இவ்வளவுதான் இருக்குன்னு தொகையைச் சொல்லு. அப்பனோட சம்பளம் எவ்வளவுன்னு தெரியாமலே வளர்ற பிள்ளைங்கதான் அப்புறம் கடனை வாங்கிட்டு முழிக்கும். பாப்பாவுக்கு உன் சம்பளம் தெரியுமா? தெரியாதுல்ல? நினைச்சேன்.

என்னா எந்திரிக்கற? உக்காரு, உக்காரு, இன்னும் பலகாரம் வரலை. பாப்பாவைக் கூப்பிடாதே, அவ வேலையா இருக்கா. என்னா வேலையா? மலாயா முடிவு வர்ற வரைக்கும் நேரம் நீட்டிக் குடுங்கன்னு அமெரிக்காக்காரனுக்குக் கடுதாசி எழுதறா, உபகாரச் சம்பளத்தையும் கொஞ்சம் ஏத்துங்கன்னு சேத்து. அப்படியெல்லாம் கேக்கலாமாம், எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். கணக்கு முழுசும் போட்டுட்டா, உன் சம்பளம் மட்டும் தெரியலையாம், அதை நான்தான் சுமாரா ஒரு தொகை சொன்னேன். எனக்கு அவ குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு: "தாத்தா, அப்பாவை ஒரு மணி நேரம் பேச்சுல பிடிச்சு வைங்க."

மணி என்னா ஆச்சு மாப்ளே?